ஒரே ஒரு சர்ச் பாக்ஸ் போதும், உங்க ஃப்ரன்ட்-எண்ட் இன்டர்வியூ காலி!

[திரையில்: காலியான சர்ச் பாக்ஸ்]

ஃப்ரன்ட்-எண்ட்னா யூசர் கண்ணுல படற வெப் பக்கத்தை எழுதற வேலை. இந்தப் பெட்டியைப் பாருங்க. வார்த்தையை டைப் பண்ணினா கீழே ரிசல்ட் வரணும், அவ்வளவுதான் கேள்வி. ஜூனியர் வேலைக்கு வர்றவங்க கடகடன்னு முடிச்சுடுவாங்க. மாட்டிக்கறது அதுக்கப்புறம்தான்.

அடிப்படையை ஒரே மூச்சுல சொல்லிடறேன்: எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், கோட் மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற கிட், கூடவே ஏதாவது ஒரு ஃப்ரேம்வொர்க் (ரெடிமேட் கோட் கட்டமைப்பு). ரெஸ்யூமேல மூணு அடுக்கினா மூணுலயும் கேள்வி வரும், அப்புறம் உங்க சாமர்த்தியம்.

இப்போ பெட்டிக்கு வருவோம். யூசர் "பூ"ன்னு அடிக்கிறார், சர்வருக்கு ஒரு ரிக்வெஸ்ட் போகுது. "பூனை"ன்னு முடிக்கிறார், இன்னொண்ணு போகுது. முதல்ல போனதுதான் முதல்ல திரும்பணும்னு எந்தச் சட்டமும் இல்ல. "பூனை"க்குப் பதில் 200 மில்லிசெகண்ட்ல வந்துடுது. "பூ"வோட பதில் ஆடி அசைஞ்சு 900-ல வந்து அதை அழிச்சுட்டு உட்கார்ந்துக்குது. பெட்டியில பூனை, லிஸ்ட்ல பூட்டு! இதுதான் ரேஸ் கண்டிஷன். லோக்கல் சர்வர் சட்டுன்னு பதில் சொல்லிடறதால உங்க மெஷின்ல இது கண்ணுலயே படாது, அதான் இதோட அழகே.

"டிபவுன்ஸ் போட்டா போச்சு"ன்னு கமெண்ட் எழுதக் கிளம்பிட்டீங்களா? பொறுங்க. டைப்பிங் நின்னதும் கொஞ்சம் காத்திருந்து ரிக்வெஸ்ட் அனுப்பறதுதான் டிபவுன்ஸ். 300 மில்லிசெகண்ட் டிபவுன்ஸ் ரிக்வெஸ்ட்டைக் குறைக்கும், வரிசையைச் சரிபண்ணாது. நடுவுல அரை செகண்ட் யோசிச்சு டைப் பண்றவர்கிட்ட மறுபடியும் அதே கூத்துதான். புதுசு கிளம்பறதுக்கு முன்னாடி பழைய ரிக்வெஸ்ட்டை, அதை நிறுத்தறதுக்குன்னே இருக்கற அபார்ட்கன்ட்ரோலர் வச்சு கேன்சல் பண்ணுங்க. அப்போ ரிக்வெஸ்ட் அனுப்பற ஃபெட்ச் ஒரு அபார்ட்எரரைத் தூக்கிப்போடும். அதை மட்டும் எரரைப் பிடிக்கிற கேட்ச்ல பிடிச்சு கண்டுக்காம விட்டுடணும், இல்லேன்னா டைப் பண்ணப் பண்ண சிவப்பு மெசேஜா கொட்டும்.

சோதிக்கிறதுக்கு நெட்வொர்க்கை ஸ்லோ பண்றது மட்டும் பத்தாது, எல்லாமே சேர்ந்து லேட்டாகும். சர்வர் மாதிரி பதில் சொல்ற ஒரு போலி ஏபிஐ எழுதி, சின்ன வார்த்தைக்கு மட்டும் செட்டைம்அவுட்ல ஒரு செகண்ட் தாமதம் வைங்க. பக் உடனே தலையைக் காட்டும்.

இன்னொரு பள்ளம். சர்வர் 404 (கேட்டது இல்ல), 500 (சர்வர்லயே கோளாறு) அனுப்பினா கோட் கேட்ச்சுக்குள்ள போகும்னு நினைக்கிறீங்களா? போகாது! ஃபெட்ச்சைப் பொறுத்தவரை பதில் வந்தாச்சு, வேலை முடிஞ்சாச்சு. நெட் அறுந்தாலோ, வேற தளத்துக் கோரிக்கையைக் கட்டுப்படுத்தற பிரவுசர் விதியான கோர்ஸ் தடுத்தாலோ ரிஜெக்ட் ஆகும், 404-க்கு ஆகாது. பதில் சரியானதான்னு சொல்ற ரெஸ்பான்ஸ் டாட் ஓகே-யை நீங்கதான் செக் பண்ணணும்.

[திரையில்: பிரவுசரோட டெவ்டூல்ஸ், நெட்வொர்க் டேப்]

இங்க 3ஜி வைங்க, லோடிங் தெரியுதா? ஆஃப்லைன் வைங்க, எரர் மெசேஜ் வருதா? வாய்க்கு வந்ததை அடிங்க, "எதுவும் கிடைக்கல"ன்னு வருதா, வெத்துத் திரையா? மவுஸைத் தள்ளிவச்சுட்டு டேப் கீயால நகருங்க. பட்டன் வைக்க வேண்டிய இடத்துல வெறும் கட்டமான டிவ்-க்கு ஆன்கிளிக் கொடுத்திருந்தா ஃபோகஸ் அங்க நிக்கவே நிக்காது.

போர்ட்ஃபோலியோவா? இப்படி முழுசா முடிச்ச ரெண்டு ப்ராஜெக்ட், லைவ் லிங்க்கோட. போதும்.

உங்க பழைய ப்ராஜெக்ட்ல இதையெல்லாம் போட்டுப் பாருங்க, எது முதல்ல உடைஞ்சதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.