ஒரு குவளைக் கஞ்சியும் ஒரு வருகைப் பதிவேடும்

அவைத்தலைவர் அவர்களே, அன்பர்களே,

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியின் முலாஞ்சி மாவட்டத்தில், வெளிநாட்டு நன்கொடையைக் கொண்டு காலையில் கஞ்சி வழங்கும் ஒரு கிராமத் தொடக்கப் பள்ளியில் இரண்டு நாட்களைக் கழித்தேன். அங்குக் கண்டதைப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகள் அந்த ஒரு பள்ளிக்கு மட்டும் உரியவை அல்ல.

பிளான்டயர் நகரிலிருந்து தேயிலைத் தோட்டங்களினூடே சென்று, 3,002 மீட்டர் உயரமுள்ள சபிட்வா சிகரம் கண்ணில் பட்டபின், தார்ச்சாலையை விட்டுச் செம்மண் பாதையில் இறங்க வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை ஆறு மணி. அதற்குள் அடுப்படிக் கொட்டகையிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. ஊரின் தாய்மார்கள் முறைவைத்துக்கொண்டு, கூலி எதுவும் பெறாமல், விடியுமுன் வந்து கஞ்சி காய்ச்சுகிறார்கள். மக்காச்சோள மாவும் சோயா மாவும் சிறிது சர்க்கரையும் சத்துகளும் கலந்த அந்தக் கஞ்சிக்கு லிக்கூனி பாலா என்று பெயர். அந்நாட்டில் பரவலாகப் பேசும் சிச்செவா மொழியில் பாலா என்றாலே கஞ்சிதான். படகுத் துடுப்பு போன்ற மரக்கரண்டியால் இரண்டு பெண்கள் மாறிமாறிக் கிண்டுகிறார்கள். கை ஓய்ந்தால் அடிபிடித்துவிடும்.

வரிசையில் எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி நின்றாள். முதுகில் துணியால் கட்டிய தம்பி. கஞ்சியை வாங்கியவள் ஓரமாகப் போய் உட்கார்ந்து, ஆற ஆற ஊதிப் பாதியைக் குடித்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்துத் தம்பியை மடிக்கு இறக்கி, மீதியை அவனுக்குப் புகட்டினாள். பதிவேட்டில் அந்தக் குவளை ஒரு பிள்ளைக்கு வழங்கியதாகத்தான் இருக்கும்.

பள்ளிக் கஞ்சியை அந்நாட்டில் பரவலாக்கிய அமைப்புகளில் ஒன்று ஸ்காட்லாந்தின் மேரிஸ் மீல்ஸ். 2002ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது மலாவிக்குச் சென்ற மேக்னஸ் மேக்ஃபார்லேன்-பேரோ ஏறத்தாழ 200 குழந்தைகளோடு அதைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பள்ளி நாட்களில் உணவு கிடைக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரு குழந்தைக்கு ஓராண்டுச் செலவு 20 பவுண்டுக்கும் குறைவு. பணம் வெளியிலிருந்து வருகிறது, உழைப்பை ஊர் தருகிறது. காமராசர் காலத்தில் 1956இல் நம் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியபோதும் முதலில் பொதுமக்கள் பொருள் தந்தார்கள், அரசு மானியம் பின்னால் வந்தது. ஆனால் நம் ஊரில் அரிசி கொடுத்தவர் மறுநாளே பள்ளிக்கு வந்து பானையை எட்டிப் பார்க்க முடிந்தது. மலாவிக்குக் கொடுப்பவரோ எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறார். நிழற்படத்தில் எது தெரிகிறதோ அதற்கே பணம் வருகிறது என்று நான் நினைப்பதற்கு இந்தத் தொலைவே காரணம்.

பள்ளிக்கு முன்னால் ஓர் அஃப்ரிடெவ் கைப்பம்பு நிற்கிறது. கிராமத்தாரே பிரித்து மாட்டும்படி எளிமையாக வடிவமைக்கப்பட்ட பம்பு அது. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்துபோய்ப் பல மாதங்களாகத் தண்ணீர் ஏறவில்லை. பம்பு வைக்கப் பணம் தந்தவர்கள் உதிரிபாகத்துக்கு எதுவும் ஒதுக்கவில்லை. மக்காச்சோளம் தீர்ந்துபோகும் மழை மாதங்களில் ஊராரிடம் வசூல் செய்யவும் முடியவில்லை. ஆகவே கஞ்சிக்கான தண்ணீர் அரைமணி நேர நடைத் தொலைவிலிருந்து தலைச்சுமையாக வருகிறது. நன்கொடையாளரின் பெயர் பொறித்த பலகையில் மட்டும் ஒரு கீறல் இல்லை.

வகுப்பறைக்கு வருவோம். 1994இல் பக்கிலி முலூசியின் புதிய அரசு தொடக்கக் கல்விக் கட்டணத்தை நீக்கியதும், சுமார் 19 இலட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 30 இலட்சமாகப் பெருகிவிட்டது. பயிற்சி பெறாத சுமார் 20,000 பேரை அவசரமாக ஆசிரியர்களாக அமர்த்த நேர்ந்தது. அந்த நெரிசல் இன்னும் தீரவில்லை. ஓர் ஆசிரியருக்கு 60 மாணவர் என்பதே அரசின் இலக்கு. நான் பார்த்த முதல் வகுப்பில் 130 பிள்ளைகள் மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அடிமரத்தில் சாய்த்து வைத்த கரும்பலகை பின்வரிசைக்குத் தெரியவே இல்லை. கஞ்சி பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்துவிடுகிறது. வந்தவர்களுக்குப் பாடம் சொல்ல ஆள் வேண்டுமே!

அந்தப் பாடத்தையும் அன்று நானே கெடுத்தேன். விருந்தினர் வந்திருக்கிறார் என்று மொத்தப் பள்ளியையும் வெயிலில் நிறுத்தி வரவேற்புப் பாட்டுப் பாட வைத்தார்கள். வெள்ளையரை அசுங்கு என்பவர்கள் என்னை அம்வென்யே, அதாவது இந்தியர், என்று சுட்டிச் சுட்டிச் சிரித்தார்கள். ஒரு மணி நேரத்துக்குமேல் போயிற்று. 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம், கைதட்டிக்கொண்டு நின்றேன்.

மாலையில் தலைமையாசிரியரிடம் என்ன தேவை என்று கேட்டேன். கணினி, நூலகம் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன். "ஆசிரியர்களுக்கு நான்கு வீடுகள்" என்றார். அரசு அனுப்பும் இளம் ஆசிரியர்கள் குடியிருக்க இடமில்லாமல், குறிப்பாகப் பெண்கள், ஓராண்டுக்குள் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்; ஓட்டுக்கூரை போட்ட இரண்டு அறை இருந்தால் தங்குவார்கள். வந்தவர்களிடமெல்லாம் இதைக் கேட்டிருக்கிறார். குழந்தைகளுக்கு என்றால் தரலாம், ஆசிரியர் வீட்டுக்கு எப்படித் திரட்டுவது என்பதே அவர்கள் சொன்ன பதிலாம்.

புறப்படும்போது, வந்துபோகும் விருந்தினர்கள் எழுதும் வருகைப் பதிவேட்டை நீட்டினார். பக்கங்களைப் புரட்டினேன். பல நாட்டவரின் கையெழுத்துகள். 'மீண்டும் வருவேன்' என்று பலர் எழுதியிருந்தார்கள். ஒரே பெயர் இரண்டாம் முறை வருகிறதா என்று தேடிப் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை. குறிப்பு எழுதும் கட்டத்தில் 'ஆசிரியர் வீடு நான்கு, பம்புக்கு ரப்பர் வாஷர்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டேன். தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு, வாஷரின் அளவையும் பக்கத்தில் குறித்துக்கொடுத்தார்.