குப்பையைத் தின்பது யார்?

அனைவருக்கும் வணக்கம்.

பேச வருகிறவர்கள் கையில் குறிப்புத்தாளோடு வருவார்கள். நான் ஒரு வாளியோடு வந்திருக்கிறேன். நேற்றிலிருந்து இன்று காலை வரை என் வீட்டில் சேர்ந்த குப்பை இதில் இருக்கிறது. வீட்டில் தனித்தனியாகத்தான் வைத்திருந்தேன். இந்தக் கூட்டத்துக்காக வேண்டுமென்றே ஒரே வாளியில் போட்டுக் கலக்கிக் கொண்டுவந்தேன். முன்வரிசைக்காரர்கள் பயப்பட வேண்டாம், இன்னும் நாறத் தொடங்கவில்லை. மேஜையில் கொட்டுகிறேன், பாருங்கள்.

காய்கறித் தோல், பழத்தோல். முட்டை ஓடு. காய்ந்த இலை கொஞ்சம். ஓர் அட்டைப்பெட்டி. கண்ணாடி பாட்டில், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், அலுமினிய டின். தீர்ந்துபோன ஒரு பேட்டரி. கடைசியாக, பளபளவென்று மின்னும் இந்த நொறுக்குத்தீனி பாக்கெட்.

இவற்றைக் கரிமக் கழிவு, கனிமக் கழிவு என்று இரண்டாகப் பிரிக்கலாம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். சரி, பிரிக்கலாம். ஒரு வேதியியல் ஆசிரியரை மேடைக்கு அழைத்தால் என்ன சொல்வார்? கார்பன் சங்கிலியால் ஆனது கரிமம் என்பார். அப்படியானால் இந்தப் பிளாஸ்டிக் பாட்டில் சுத்தமான கரிமப் பொருள். கச்சா எண்ணெயிலிருந்து வந்தது. அந்த எண்ணெயோ கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் மிதந்த நுண்ணுயிர்களின் மிச்சம். முட்டை ஓடு? அது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் அதுதான். எனவே கனிமம். ஆனால் உரத்தொட்டியில் நாம் போடுவது எதை? முட்டை ஓட்டை. பெயரை மட்டும் நம்பிப் பிரித்தால் எல்லாம் தலைகீழாகப் போய்விடும்.

அதனால்தான் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று சொல்வது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. 'மட்கு' என்ற சொல்தான் பேச்சில் 'மக்கு' ஆனது. பள்ளியில் எனக்கு அந்தப் பட்டம் கிடைத்தபோது அதன் அருமை தெரியவில்லை. ஆனால் இந்தச் சொல்லிலும் ஒரு குறை உண்டு. ஏதோ பொருள் தன்பாட்டுக்குக் கிடந்து தானாக மக்கிவிடுவது போல ஓர் எண்ணத்தைத் தருகிறது. எதுவும் தானாக மக்குவதில்லை. யாரோ அதைத் தின்கிறார்கள். நான் எந்தக் குப்பையைக் கையில் எடுத்தாலும் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: இதை யார் தின்பார்?

பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று உயிருள்ள வாய்: பாக்டீரியா, பூஞ்சை, மண்புழு, ஈயின் புழு. இன்னொன்று ஆலையின் வாய்: கண்ணாடி உலை, உலோக உலை, காகிதக் கூழ்த்தொட்டி. இரண்டுக்கும் பசி அதிகம். ஆனால் பெரும்பாலும் ஒன்றின் இலையில் மற்றொன்று கை வைக்காது.

முதல் வாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசுகிறேன், எனக்கு அதில்தான் ஆசை அதிகம்.

நான் முதன்முதலில் உரம் போட்ட கதை அவமானமானது. ஒரு மூடிபோட்ட டப்பாவில் காய்கறித் தோலை மட்டும் அடைத்து, அமுக்கி, மூடிவைத்தேன். பத்து நாள் கழித்துத் திறந்தபோது அழுகிய முட்டை நாற்றம். அண்டை வீட்டாரோடு பல வருட நட்பு ஆட்டம் கண்டது. என்ன தவறு செய்தேன்? காற்று விடவில்லை. காற்றில்லாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலைக்கு வந்துவிடுகின்றன. அவை விடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த நாற்றம்.

இரண்டாவது தவறு, சமையல் தெரியாதவன் செய்வது. நுண்ணுயிர்களுக்குக் கார்பனும் வேண்டும், நைட்ரஜனும் வேண்டும். நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு வரை இருப்பது நல்லது. பச்சைக் கழிவில் நைட்ரஜன் கூடுதல். காய்ந்த இலை, மரத்தூள், கிழித்த அட்டை ஆகியவற்றில் கார்பன் கூடுதல். இதைத் தராசு வைத்து நிறுக்க வேண்டாம். ஒரு கை பச்சைக் கழிவு போட்டால் அதன்மேல் இரண்டு கை காய்ந்தது போடுங்கள். மூக்கே மீதியைச் சொல்லிவிடும். அமோனியா நெடி வந்தால் காய்ந்தது போதவில்லை. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் கிளறிவிடவில்லை. எந்த வாசனையும் இல்லாமல் அப்படியே கிடந்தால் ஈரம் போதவில்லை. கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு துளி சொட்ட வேண்டும், ஓடக்கூடாது.

இது சரியாக அமைந்தால், குவியல் ஓரளவு பெரிதாகவும் இருந்தால், சில நாளில் உள்ளே கைவைக்க முடியாது. 55, 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். யாரும் தீ மூட்டவில்லை. கோடிக்கணக்கான வாய்கள் தின்று செரிக்கும் சூடு அது. அந்தச் சூடு சில நாள் நீடித்தால் நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் பெரும்பாலும் செத்துவிடும். அப்புறம் மெல்ல ஆறும். ஆறிய பிறகு பூஞ்சைகளும் புழுக்களும் வந்து மிச்சத்தை முடிக்கும். வீட்டுச் சிறு தொட்டியில் அவ்வளவு சூடு பிடிக்காது. அதனால்தான் இறைச்சி, பால், எண்ணெய் ஆகியவற்றை அதில் போடாதீர்கள் என்கிறேன். எலிதான் வரும்.

இதை முறைப்படி எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் ஆல்பர்ட் ஹோவர்ட். ஆங்கிலேயத் தாவரவியலாளர். 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆய்வு நிலையத்தை நடத்தினார். பயிர்க்கழிவு, சாணம், மண், சாம்பல் என்று அடுக்கி, குறிப்பிட்ட இடைவெளியில் புரட்டிப்போட்டு, மூன்று மாதத்தில் உரமாக்கும் முறைக்கு 'இந்தூர் முறை' என்றே பெயர். விவசாயத்துக்குப் பாடம் சொல்லித்தர வந்தவர், விவசாயிகளிடம் பாடம் கேட்டுத் திரும்பினார் என்பதுதான் அவரிடம் எனக்குப் பிடித்த விஷயம்.

மண்புழு, கறுப்புப் படைவீரன் ஈ, உயிர்வாயுக் கலன் எல்லாம் இதே வாயின் வேறு வடிவங்கள்தான். மண்புழு உரத்துக்குச் சூடு ஆகாது, 35 டிகிரியைத் தாண்டினால் புழு தாங்காது. படைவீரன் ஈயின் புழு ஈரக்கழிவை வெகுவேகமாகத் தின்று, தானே கோழிக்கும் மீனுக்கும் புரதத் தீனியாகிவிடும். உயிர்வாயுக் கலனில், நான் டப்பாவில் செய்த அதே தவறை வேண்டுமென்றே செய்கிறார்கள். காற்றை அடைத்து, வரும் மீத்தேனைக் குழாயில் பிடித்து அடுப்பெரிக்கிறார்கள். மிஞ்சும் கூழும் உரம்தான்.

பிடிக்காமல் விட்டால் அதே மீத்தேன்தான் தொல்லை. குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் புதைந்த ஈரக்கழிவு மீத்தேனை விட்டுக்கொண்டே இருக்கும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. குப்பைமேடுகள் தீப்பற்றுவதற்கும் இது ஒரு காரணம். உலக வங்கியின் கணக்குப்படி 2016-இல் உலக நகரங்களில் சேர்ந்த திடக்கழிவு 201 கோடி டன். அதில் உணவும் தாவரக் கழிவும் 44 சதவீதம். பழத்தோல்தானே, தானாக மக்கிப்போகும் என்று எல்லாவற்றோடும் சேர்த்து வீசுகிறோமே, அது மக்குவது இப்படித்தான்.

இனி ஆலையின் வாய்.

கண்ணாடியை எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது. அலுமினியமும் அப்படியே. பாக்சைட் தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலோடு ஒப்பிட்டால், பழைய டின்னை உருக்க ஐந்து சதவீதம் போதும். இரும்பைக் குப்பையிலிருந்து பிரிக்க ஒரு காந்தம் போதும். காகிதம் அப்படி அல்ல. ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் அதன் நார் சிறுத்துக்கொண்டே வரும். ஐந்தாறு முறைக்குப் பிறகு நார் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது.

பிளாஸ்டிக் இந்த வாயில் போகும், ஆனால் மிகவும் நோஞ்சானாக வெளியே வரும். இந்த பாட்டிலின் அடியில் முக்கோண அம்புக்குள் 1 என்று இருக்கிறது. அந்த அம்புக் குறியை 1970-இல் கேரி ஆண்டர்சன் என்ற கல்லூரி மாணவர் ஒரு போட்டிக்காக வரைந்தார். 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் துறை அதே சாயலில் ஒரு முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண்களைப் போட்டது. அந்த எண் எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதைத்தான் சொல்கிறது. மறுசுழற்சி ஆகும் என்று உறுதி தருவதில்லை. எத்தனையோ பேர் அம்பைப் பார்த்ததும் மனநிறைவோடு தொட்டியில் போட்டுவிட்டுப் போகிறார்கள். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 2015 வரை உலகில் குப்பையான பிளாஸ்டிக்கில் 9 சதவீதம்தான் மறுசுழற்சிக்குப் போனது என்று கணக்கிட்டது.

ஏன் இவ்வளவு குறைவு? கலப்படம். எண் 1, பெட் பிளாஸ்டிக். எண் 3, பிவிசி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பெட் உருகும் சூட்டுக்கு வெகுமுன்பே பிவிசி சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கும். ஒரு மூட்டை பெட் பாட்டிலுக்குள் கொஞ்சம் பிவிசி புகுந்தாலும் மொத்தமும் மஞ்சளித்து வலுவிழந்துவிடும். கண்ணாடியிலும் இதே கதை உண்டு. அடுப்பில் வைக்கும் வெப்பம் தாங்கும் கண்ணாடிப் பாத்திரம் உடைந்தால் அதை பாட்டிலோடு சேர்க்காதீர்கள். அது பாட்டில் கண்ணாடி உருகும் சூட்டில் உருகாது, கட்டிகட்டியாக நிற்கும்.

இப்போது இந்த அட்டைப்பெட்டியைப் பாருங்கள். காலையில் காய்ந்து கெட்டியாக இருந்தது. இரண்டு மணி நேரம் பழத்தோலோடு கிடந்ததில் ஊறிப்போய், கறைபட்டு, தூக்கினால் கிழிகிறது. காகித ஆலை இனி இதைச் சீண்டாது. அதேபோல அந்தத் தோல்களில் கண்ணாடிச் சில்லும் பாக்கெட் துண்டும் கலந்துவிட்டால் உரத்தொட்டிக்கும் அது ஆகாது. வாளிக்குள் போனபோது பெரும்பாலும் தீனியாக இருந்தவை, வெளியே வரும்போது குப்பையாகிவிட்டன. நடுவில் நான் செய்தது கலக்கியது மட்டும்தான்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1883-இல் பாரிஸ் நகர நிர்வாகியாக இருந்த யூஜின் புபெல், வீட்டு உரிமையாளர்கள் மூடியுள்ள குப்பைத்தொட்டி வைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். ஒன்று அல்ல, மூன்று: அழுகுவதற்கு ஒன்று, காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓட்டுக்கு ஒன்று. தெருவில் கந்தல் பொறுக்கிப் பிழைத்தவர்கள் வருமானம் போய்விடும் என்று எதிர்த்தார்கள். வீட்டுக்காரர்கள் செலவு என்று முணுமுணுத்தார்கள். மூன்று தொட்டிப் பழக்கம் நிலைக்கவில்லை. பிரெஞ்சு மொழியில் குப்பைத்தொட்டிக்கு 'புபெல்' என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அந்தக் கந்தல் பொறுக்கிகளை நான் குறை சொல்ல மாட்டேன். நாம் கலப்பதை இன்றும் யாரோ ஒருவர் கையால்தான் பிரிக்கிறார். உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றி, மேலே எழுதி வையுங்கள். ஊசியையும் பிளேடையும் கெட்டியான டப்பாவில் போடுங்கள். பேட்டரியைத் தனியே எடுத்துவையுங்கள். லித்தியம் பேட்டரி நசுங்கினால் குப்பை வண்டியே தீப்பிடிக்கும். பழைய செல்போனையும் அப்படியே. 2020 டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்கான 32 கிலோ தங்கத்தை ஜப்பானியர்கள் எடுத்தது 62 லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய செல்போன்களிலிருந்தும் மற்ற சிறு மின்கருவிகளிலிருந்தும்தான்.

சரி, மேஜையைத் துப்புரவு செய்துவிட்டு இறங்குகிறேன். தோல்களும் முட்டை ஓடும் இலையும் என் உரத்தொட்டிக்கு. ஓட்டை நன்றாக நொறுக்கிப் போடுவேன். நனைந்த அட்டையும் அங்கேதான். கிழித்துப் போட்டால் காய்ந்த இலைக்குப் பதிலாக ஆகும். காகித ஆலை இழந்ததைப் பூஞ்சை தின்னட்டும். டின்னும் பிளாஸ்டிக் பாட்டிலும் கழுவி, உலர்த்தி, தனித்தனியே. பேட்டரி தனி டப்பாவுக்கு. கண்ணாடி பாட்டிலை யாரும் தின்ன வேண்டியதில்லை, கழுவித் திரும்ப நிரப்பிக்கொள்வேன். உருக்கும் செலவுகூட இல்லை.

மிச்சம் இந்த பாக்கெட். உள்ளே மெல்லிய உலோகப் பூச்சு, அதன் இருபுறமும் வேறுவேறு பிளாஸ்டிக் படலம், நடுவே பசை. தீனி நமத்துப்போகாமல் மாதக்கணக்கில் காக்கும் அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அந்தப் படலங்களைப் பிரித்தெடுக்க எளிய வழி இல்லை. புழுவும் தொடாது, உலையும் வாங்காது. சில இடங்களில் சிமெண்ட் சூளையில் எரிபொருளாகப் போடுகிறார்கள். இப்படிப்பட்ட பாக்கெட்டை ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் செய்துபார்க்கும் முயற்சிகளும் நடக்கின்றன. இன்றைக்கு என் வீட்டில் இதற்குத் தொட்டி இல்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி கேட்பவர்களுக்கு ஒலிவாங்கி அந்தப் பக்கம் இருக்கிறது.