மூடி இல்லாத தாங்கியும் நுளம்பின் வயிறும்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த கோவில் தர்மகர்த்தா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மாநகர சபை உறுப்பினர் அவர்களே, வேலைக் களைப்போடு நேரே வந்திருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தம்பி, என்னிடம் விஞ்ஞானம் படித்து இன்று என்னைவிட நரைத்துப்போன மாணவர்களே, தாய்மாரே, எல்லாருக்கும் வணக்கம். போன கூட்டத்தில் பொருளாளரின் பெயரை விட்டுவிட்டேன். ஒரு மாதம் அவர் என்னோடு கதைக்கவில்லை. பொருளாளர் அவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

இன்று ஓகஸ்ட் 20. 1897ஆம் ஆண்டு இதே நாளில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ரோஸ் என்ற மருத்துவர் ஒரு நுளம்பின் வயிற்றை அறுத்துப் பார்த்தார். ஹுசைன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கடிக்க விட்டு வளர்த்த நுளம்பு அது. கடிக்கு ஒரு அணா கூலி. அந்த வயிற்றுச் சுவரில், நோயாளியின் இரத்தத்தில் காணும் அதே கரும்பொட்டுகளோடு உருண்டையான கலங்கள் இருந்தன. மலேரியா நுளம்புக்குள் வளர்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

நான் மூன்று விஷயம் பேச வந்தேன்: நுளம்புக்குள் நடப்பது, நம் நாட்டில் நடந்தது, மருந்துகளின் கதை.

முதலாவது. நோயாளியின் இரத்தத்தை, மலேரியாவைப் பரப்பும் பெண் அனோபிலிஸ் நுளம்பு குடிக்கிறது. ஆண் நுளம்பு பூந்தேன் குடிக்கிற சாது. தாய்மார் கோபிக்க வேண்டாம். இரத்தத்தோடு மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் ஆண், பெண் வடிவங்களும் உள்ளே போகின்றன. நம் உடம்பில் சும்மா சுற்றித் திரிந்தவை அவை. நுளம்பின் வயிறு நம் உடம்பைவிடக் குளிர்ச்சி. அந்தக் குளிர் பட்டதும் விழித்துக்கொள்ளும். கால் மணித்தியாலத்துக்குள் ஆண் வடிவம் ஒன்றிலிருந்து எட்டு இழைகள் பிய்த்துக்கொண்டு, சாட்டை போலத் துடித்தபடி பெண்ணைத் தேடி ஓடும். ஆக, மலேரியாவின் கல்யாணம் நுளம்பின் வயிற்றில்தான். நமக்கு மிஞ்சுவது காய்ச்சல்.

பிறந்தது புழுப்போல ஊர்ந்து, குடற்சுவரைத் துளைத்து, வெளிப்புறத்தில் கொப்புளமாகக் குந்திவிடும். ரோஸ் கண்டது இதைத்தான். கொப்புளம் வெடித்தால் ஆயிரக்கணக்கான ஊசிமுனைகள் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்க் காத்திருக்கும். இவ்வளவுக்கும் சுமார் 10 முதல் 14 நாள். பிறகு ஒரு கடி. நம் ஈரலுக்குள் பெருகி, செங்குழியங்களுக்குள் புகுந்து உடைக்கும். தனியாக ஒன்றைப் பார்த்தால் தூசி. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நான் எப்போதும் சொல்வது இதற்கும் பொருந்துகிறது, என்ன செய்வது!

இரண்டாவது. 1934இல் நம் இலங்கையில் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாக நின்றன. ஓடும் ஆற்றில் வளராத நுளம்பு அந்தக் குட்டைகளில் வளர்ந்தது. கேகாலை, குருணாகல் பக்கம் வீட்டுக்கு வீடு காய்ச்சல். 1935க்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். டீடீரீ (DDT) என்ற பூச்சிகொல்லியைத் தெளித்து 1963இல் நோயாளர் தொகையை 17க்குக் கொண்டுவந்தோம். வென்றுவிட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தோம். 1969இல் 5 இலட்சத்துக்கும் மேல்! உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல். 2016 செப்டம்பரில் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. சான்றிதழின் மை காயுமுன் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புது நுளம்பு அகப்பட்டது. இது காட்டு ஓடையைத் தேடாது. கிணறும் தண்ணீர்த் தாங்கியும் போதும். பட்டணத்து நுளம்பு.

தாங்கி என்றதும் நான் எங்கே வருகிறேன் என்று உங்களில் பலர் சிரிக்கிறீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி. செயலாளரோடு மொட்டைமாடிக்கு ஏறினேன், ஆறு மாடி, லிப்ட் வேலை செய்யவில்லை. கறுப்புத் தாங்கி மூன்று, மூடி ஒன்றுகூட இல்லை. டோர்ச் அடித்தால் தண்ணீரில் குடம்பிகள், அதாவது நுளம்பின் புழுக்கள், தலைகீழாகச் சாய்ந்து தொங்குகின்றன. அனோபிலிஸ் குடம்பி என்றால் நீர்மட்டத்தோடு கிடையாகப் படுத்திருக்கும். ஆகவே இது மலேரியா இல்லை என்று நிம்மதிப்பட்டேன். செயலாளருக்கும் நிம்மதி. "அப்ப இது என்ன சேர்?" என்றார். "டெங்கு நுளம்பாக இருக்கலாம்" என்றேன். நிம்மதி போய்விட்டது.

மூடிகளைத் தேடினோம். தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் ஒன்று, பிள்ளைகளுக்கு விக்கெட். இரண்டாவது, பூச்சாடிக்குத் தட்டு. மூன்றாவதை மூன்றாம் மாடி அன்ரி வெயிலில் வைத்து வடகம் காயப்போட்டிருந்தார். கேட்டதற்கு, "தம்பி, இண்டைக்குத்தான் பிழிஞ்சனான், வெள்ளிக்கிழமை தாறன்" என்றார். எனக்கு வயது எழுபத்திரண்டு. தம்பி என்றதிலேயே பாதிக் கோபம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை போனேன். மூடி வரவில்லை, ஒரு போத்தல் வடகம் வந்தது. நல்ல வடகம், பொய் சொல்லக்கூடாது.

இதனால்தான் மாநகர சபை உறுப்பினர் முன்னாலேயே கேட்கிறேன்: ஒவ்வொரு தொடர்மாடியிலும் தாங்கி மூடியையும், வழிந்தோடும் குழாயின் வாயில் வலையையும் வருடம் இருமுறை பார்க்கட்டும். ஒரு வீடு மூடினால் பயன் இல்லை. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருபவர் இரத்தம் சோதித்தாலும், நம் தாங்கி திறந்தே கிடந்தால் புது நுளம்புக்கு நாமே கொட்டில் போட்டுக் கொடுத்ததுதான்.

மூன்றாவது விஷயம் மருந்து. தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார்; அது இன்னொரு நாளைக்கு. வாசலில் ஒரு நீலக் கொப்பி இருக்கிறது. உங்கள் மாடியின் பெயரையும் தாங்கிகளின் எண்ணிக்கையையும் எழுதிவிட்டுப் போங்கள். பேனாவைத் திருப்பி வையுங்கள், போன கூட்டத்தில் இரண்டு காணாமல் போய்விட்டன.