அடுப்பை அணைத்துவிட்டு வா, கடையில் உட்கார்ந்து பேசலாம்

நடுவர் அவர்களே, பத்தே நிமிடத்தில் அரங்கத்தில் பாதிப் பேருக்கு அம்மா ஞாபகத்தை வரவழைத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கும் எதிரணித் தலைவர் அவர்களே, பொங்கல் விடுமுறையில் டிவியை விட்டுவிட்டு எங்களைக் கேட்க வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

தலைப்பை ஒருமுறை நினைவுபடுத்திவிடுகிறேன். விடுமுறையில் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக நண்பர்களைப் பார்க்கக் கிளம்பினால், மனம் நிறைவது நண்பர் வீட்டு விருந்திலா, அந்தந்த ஊர்க் கடைகளிலா? நான் கடைக் கட்சி. எங்கள் அணி என்னவோ 'நண்பர் வேண்டாம், பரோட்டா போதும்' என்று சொல்ல வந்ததுபோல எதிரணித் தலைவர் பேசிவிட்டுப் போனார். அப்படி யார் சொன்னது? நண்பரைப் பார்க்கத்தான் ஐயா போகிறோம். போன இடத்தில் அவரைப் பார்க்க விடாமல் செய்வது எது என்பதுதான் வழக்கு. அவர் வீட்டு அடுப்புதான் என்பது என் குற்றச்சாட்டு.

திண்டுக்கல்லில் எனக்கு ஒரு தோழி. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவள். திருச்சியிலிருந்து மதுரைக்குப் போக விராலிமலை, துவரங்குறிச்சி வழியாக நேர்ச்சாலை இருக்கிறது. அவள் ஒருத்திக்காக மணப்பாறை, திண்டுக்கல் என்று சுற்றிக்கொண்டு போனோம். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு "எவ்வளவு இளைச்சுட்டே" என்று ஒரு பொய் சொன்னாள். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள். அப்புறம் குக்கர் விசில், மிக்சி சத்தம், தாளிக்கிற வாசனை, நடுநடுவே கதவுக்கு வெளியே தலையை மட்டும் நீட்டி "இதோ வந்துட்டேன், நீ அவரோட பேசிக்கிட்டிரு" என்று ஒரு குரல். அவர் என்றால் அவள் கணவர். நல்ல மனிதர், நான் குறை சொல்லவில்லை. உங்கள் ஊரில் மழை உண்டா என்று நான் கேட்டேன், டோல்கேட்டில் கூட்டமா என்று அவர் கேட்டார், அதற்குப் பிறகு இருவருமே டிவியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். சரி, சாப்பிடும்போதாவது பக்கத்தில் உட்காருவாள் என்று பார்த்தால், கரண்டியும் கையுமாக என் இலைக்கு மேலே நிற்கிறாள். போதும் என்று கையை வைத்து மறைத்தால் விரல் இடுக்கு வழியாகக் குழம்பை ஊற்றுகிறாள். நாங்கள் கை கழுவி, வெற்றிலை போட்டு, நேரமாச்சு என்று செருப்பைத் தேடும்போது திரும்பிப் பார்க்கிறேன், சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடியே ஆறிப்போன சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறாள் அவள். இப்போது சொல்லுங்கள் நடுவர் அவர்களே, அத்தனை தூரம் சுற்றிக்கொண்டு போய் நான் பார்த்தது என் தோழியையா, அவள் வீட்டுக்காரரையா?

அடுத்த விடுமுறைக்கு முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டேன், அடுப்பைப் பற்றவைத்தால் வாசலோடு திரும்பிவிடுவேன் என்று. கோபித்துக்கொண்டாள். 'எங்க வீட்டுச் சோறு உனக்கு ஆகாதா' என்ற பிரம்மாஸ்திரத்தையும் விட்டாள். கடைசியில் வந்தாள். இரண்டு குடும்பமும் பிரியாணிக் கடையில் போய் உட்கார்ந்தோம். திண்டுக்கல் பிரியாணி என்றால் சீரகச் சம்பாதானே, அந்தப் பொடி அரிசி கறிக்குழம்பின் சாரத்தை உறிஞ்சிக்கொண்டு இலையில் விழும்போதே ஒரு மணம் எழும். அதை விடுங்கள், நான் சொல்ல வந்தது அவளைப் பற்றி. என் பக்கத்தில் உட்கார்ந்து, சப்ளை செய்கிற பையனைக் கூப்பிட்டு, "தம்பி, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துப்பா" என்று கேட்டாள். அவள் கேட்டு இன்னொருவர் பரிமாறியதைப் பல வருடம் கழித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். விடுதி வார்டனைத் திட்டினாள். வேலையை விட்டது ஏன் என்று சொன்னாள். மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்த காலத்தைப் பற்றிச் சொல்லும்போது இலையில் கை அப்படியே நின்றுவிட்டது. இதில் ஒன்றைக்கூட அந்த முதல் விருந்தில் நான் கேட்கவில்லை, ஏனென்றால் அன்று மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி, "அவர்கள் ஆசையாகச் சமைக்கிறார்கள், அந்த ஆசையைக் கெடுக்கலாமா" என்று கேட்டார். தம்பி பேசும்போது அவர் கையைக் கவனித்தேன், கரண்டி பிடித்த அடையாளம் எதுவும் தெரியவில்லை. நான் விருந்து வைத்தவள். தாம்பரத்தில் குடியிருந்தால், தெற்கேயிருந்து சென்னைக்கு வருகிற யாராக இருந்தாலும் முதலில் நம் வீட்டு வாசலில்தான் இறங்குவார்கள். சமைக்க எனக்குப் பிடிக்கும், பெருமையும் உண்டு, என் மீன் குழம்பைப் பற்றி யாராவது குறை சொன்னால் சண்டைக்கே போவேன். ஆனால் ரொம்ப நாள் கழித்து வருகிற ஆள் ஹாலில் உட்கார்ந்து சிரிக்கிற சத்தம் கேட்கும்போது, எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியாமல் உள்ளே வெங்காயம் வதக்கிக்கொண்டிருப்பது இருக்கிறதே, அது ஆசையோடு செய்கிற காரியம் இல்லை.

நடக்க முடியாத வயதான அம்மா வீட்டில் இருந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். பார்சல் என்று ஒன்று உண்டு. கடையிலிருந்து வாங்கி வந்து, அந்த அம்மாவைக் கட்டிலில் சாய்ந்து உட்காரச் சொல்லிவிட்டு, எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். பாத்திரம் தேய்க்கிற வேலையும் மிச்சம்.

அடுத்து, தமிழர் பண்பாடு என்றாலே வீட்டு விருந்துதான் என்றார் தலைவர். வழிப்போக்கனுக்கு வீடு மட்டும்தான் சோறு போட்டதா? மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கிறதே மங்கம்மாள் சத்திரம், அது என்ன? 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டார், சாலையோரம் மரம் நட்டார், வழியெங்கும் சத்திரமும் கட்டினார். மதுரையிலிருந்து கன்னியாகுமரிப் பக்கம் போன சாலைக்கு இன்றும் அவர் பேரைச் சொல்கிறார்கள். யார் வீட்டுக் கதவையும் தட்டாமல், யாருக்கும் கடன்படாமல் வழியிலேயே சாப்பிட்டுப் போக ஓர் ஏற்பாடு வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. இன்றைய கடையில் காசு வாங்குகிறார்கள், சத்திரத்தில் தர்மம், அந்த வித்தியாசத்தை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வழியில் சாப்பிடுவது பண்பாட்டுக்கு ஆகாது என்று மட்டும் மதுரைக்காரர்களிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

இனி நாக்குக்கு வருவோம், இதில்தான் எதிரணி வசமாக மாட்டிக்கொள்கிறது. வெளியூரிலிருந்து ஆள் வந்தால் நண்பர் வீட்டில் என்ன சமைக்கிறார்கள்? சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு வறுவல், பாயசம். திருச்சியிலும் அதே, விருதுநகரிலும் அதே, நெல்லையிலும் அதே. அசைவ வீடாக இருந்தால் சாம்பாருக்குப் பதில் கோழிக்குழம்பு, அவ்வளவுதான் மாற்றம். 600 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டிக்கொண்டு போய், தாம்பரத்தில் சாப்பிட்ட சாம்பாரையே சாப்பிடவா? ஓர் ஊரின் ருசியைக் காப்பாற்றி வைத்திருப்பது பெரும்பாலும் கடைகள்தான். மணப்பாறை முறுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்த் தண்ணீரில் இருக்கும் லேசான உப்புக்குத்தான் அந்த ருசி என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பாதி வெந்ததும் எடுத்து ஆறவைத்து மறுபடியும் எண்ணெயில் போடுகிற கைப்பக்குவமும் இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல். நண்பர் வீட்டு உருளைக்கிழங்கு வறுவலுக்கு இதுவரை யாரும் விண்ணப்பிக்கவில்லை.

விருதுநகருக்கு வாருங்கள். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கடை வாசலில் போய் நின்றால் போதும், உள்ளேகூடப் போக வேண்டாம். உள்ளங்கை அளவு பரோட்டா, தட்டையான பெரிய கல்லில் குளம்போல நிற்கும் எண்ணெயில் வரிசையாக மிதந்துகொண்டிருக்கும். மாஸ்டர் நீளக் கரண்டியால் ஒவ்வொன்றாகத் திருப்பிப்போடுவார், ஓரம் பழுப்பேறியதும் எடுத்து எண்ணெயை வடித்து இலையில் போடுவார். அதை அப்படியே சாப்பிடக்கூடாது, பிய்த்துப்போட்டு, சால்னாவை ஊற்றி, ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். மேலே மொறுமொறுப்பு இருக்கும்போதே உள்ளே ஊறியிருக்கும், அந்தப் பதம் இரண்டு மூன்று நிமிடம்தான். எந்த வீட்டில் இவ்வளவு எண்ணெய் ஊற்றி, இந்தக் கல்லைப் போட்டு, பத்துப் பேருக்கு ஒரே சூட்டில் இதைச் செய்து தர முடியும்? (டாக்டர்கள் யாராவது அரங்கில் இருந்தால் இந்தப் பகுதியை மறந்துவிடுங்கள்.)

திருநெல்வேலி அல்வாவும் அப்படித்தான். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுகிற சமாச்சாரம் அது. நெல்லைக்காரர்களே வீட்டில் கிண்டுவதைவிட வாங்குவதுதான் அதிகம். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடையில் சாயங்காலம்தான் வியாபாரம்; கூட்டத்தோடு கூட்டமாக நின்று, கைக்கு வந்ததை அங்கேயே சூடாக வாயில் போட்டால் மென்று தின்ன வேண்டிய வேலையே இல்லை. நண்பரின் குழந்தைகள், நம் குழந்தைகள், பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர்கள், எல்லோர் கையிலும் நெய்.

இந்தக் கடைகளையெல்லாம் காட்டிக்கொடுப்பதும் நண்பர்கள்தானே என்று எதிரணி மடக்கப் பார்க்கும். ஆமாம், அவர்கள்தான்! அதைத்தான் நானும் சொல்கிறேன். விருதுநகர் நண்பரிடம் "எந்தக் கடையில சால்னா நல்லாருக்கும்" என்று கேட்டுப் பாருங்கள், அவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம். ஒரு கடையைச் சொல்வார், அவருடைய தம்பி மறுப்பார், அண்ணன் தம்பிக்குள் நம் கண் முன்னாலேயே தகராறு நடக்கும், கடைசியில் இரண்டு கடைக்கும் போக வேண்டியிருக்கும். மதுரை நண்பராக இருந்தால் இரவு பத்து மணிக்கு மேல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முன்னால் போய், நம் காரைச் சந்து சந்தாக இழுத்துக்கொண்டு போவார். கறிதோசைக்கு ஒரு கடை, அது முடிந்தால் ஜிகர்தண்டாவுக்கு விளக்குத்தூண் பக்கம். அதில் கடல்பாசி போட்டிருக்கிறது, உடம்புக்குக் குளிர்ச்சி, நன்னாரி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவரே கடைக்காரர்போல விளக்கம் சொல்லுவார். வீட்டு விருந்தில் இதே மனிதர் "கூச்சப்படாம சாப்பிடுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்.

நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு முந்தின நாள் தாம்பரத்திலிருந்து கிளம்பி செங்கல்பட்டைத் தாண்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம். திருச்சியில் காலைப் பலகாரம் எட்டு மணிக்கு என்று சொல்லியிருப்போம், எட்டு மணிக்கு நாம் விழுப்புரத்தையே தொட்டிருக்க மாட்டோம். அங்கே இட்லி ஆறுகிறது, போன் வருகிறது, "எங்க வந்துட்டீங்க?" இங்கே ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் வேகத்தைக் கூட்டுகிறார். ஒருவரின் இட்லி ஆறக்கூடாது என்பதற்காக நெடுஞ்சாலையில் பறப்பது என்ன விருந்து ஐயா? பதினொரு மணிக்குத் திருச்சி நண்பர் வீட்டில் பத்து இட்லி, ஒன்றரைக்குத் திண்டுக்கல்லில் முழுச் சாப்பாடு, நான்கு மணிக்கு மதுரையில் "டிபன் சாப்பிட்டுத்தான் போகணும்". ஒரு வீட்டில் குறைவாகச் சாப்பிட்டால் அந்த வீட்டில் வருத்தம்.

எதிரணி சொன்னதில் ஒன்றை நான் ஒத்துக்கொள்கிறேன். சுத்தமில்லாத கடைகள், கொள்ளை விலைக் கடைகள் உண்டு. இரவுப் பேருந்தை ஓட்டுநர் கொண்டுபோய் நிறுத்துகிற மோட்டல்களை என்னால் ஆதரித்துப் பேச முடியாது. வாயில் வைக்க முடியாத தோசை, பாட்டில் தண்ணீருக்கும் கூடுதல் காசு, கழிப்பறையைப் பற்றிப் பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள். நீண்ட பயணத்தில் ஒரு பெண்ணுக்கு நண்பர் வீடு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதற்கு அந்தக் கழிப்பறை ஒன்றே சாட்சி, இந்த இடத்தில் எதிரணிக்கு ஒரு மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நான் வாதாடுவது அந்தக் கடைகளுக்காக இல்லை. வாசலில் வெளியூர்ப் பேருந்துகள் நிற்காமல் உள்ளூர்க்காரர்களின் இருசக்கர வண்டிகள் நிற்கிற கடை, மூன்று மணிக்குப் போனால் பிரியாணி முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்புகிற கடை, நண்பர் தன் பிள்ளைகளையே கூட்டிக்கொண்டு போகிற கடை, அதைத்தான் சொல்கிறேன். நண்பர் வீட்டுக்குப் போங்கள், முகம் கழுவுங்கள், காபி குடியுங்கள், பாயைப் போட்டு ஒரு தூக்கமும் போடுங்கள். சாப்பாட்டு நேரம் வந்ததும் அந்த வீட்டுப் பெண்ணையும் செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

நடுவர் அவர்கள் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு தகவல், முடித்துவிடுகிறேன். மேடையேறுவதற்கு முன் அமைப்பாளரிடம், மன்றம் முடிந்ததும் பேச்சாளர்களுக்கு எங்கே சாப்பாடு என்று விசாரித்தேன். பக்கத்துத் தெருக் கடையில் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்களாம். எதிரணியில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதையும், எதிரணித் தலைவர் முட்டைப் பரோட்டா கிடைக்குமா என்று கேட்டனுப்பியிருக்கிறார் என்பதையும் நடுவரின் மேலான கவனத்துக்குக் கொண்டுவந்து அமர்கிறேன். நன்றி, வணக்கம்.