ஒரு சக்கரத்துக்கு 400 லிட்டர்

நேயர்களுக்கு வணக்கம்.

சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவள் பிரான்ஸுக்குப் போகிறாள் என்றதும், பாரிஸில்தான் இருக்கப்போகிறாள் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பாரிஸில் நான் இருந்தது ஒரே ஒரு ராத்திரி. மறுநாள் ரயிலேறி, கிழக்கே சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஜூரா மலைப்பக்கம் போய்விட்டேன். ஏப்ரல் கடைசியிலிருந்து மூன்று வாரம் அங்கே ஒரு சின்னக் கிராமத்தில் தங்கல். பொலினி என்கிற சிறு நகரத்துக்கு மேலே, மேட்டு நிலத்தில் இருக்கிறது ஊர். ஒரு தேவாலயம், கல்லில் கட்டிய பழைய தண்ணீர்த்தொட்டி, அப்புறம் ஒரு பால் கூடம். கடை என்று பார்த்தால் அந்தப் பால் கூடத்தின் முன்பக்கம் மட்டும்தான். ரொட்டி வேனில் வரும், ஹாரன் அடித்தால் ஓட வேண்டும்.

போன அன்றைக்கே பட்டினி. பொலினியில் இறங்கும்போது மணி இரண்டேகால். உணவகத்தில் நாற்காலிகளை மேஜை மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பகல் சாப்பாடு 12 மணிக்கு ஆரம்பித்து 2 மணிக்கு முடிந்துவிடும், அப்புறம் ராத்திரி 7 மணிக்குத்தான். நடுவில் பசித்தால் அது உங்கள் பாடு. பையில் இருந்த முறுக்கைக் கடித்துக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தேன்.

நான் தங்கிய வீட்டம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அன்று இரவு உருளைக்கிழங்கு சூப், ரொட்டி, கீரை சாலட், கடைசியில் மரப்பலகையில் ஒரு துண்டு சீஸ். கோந்தே என்பது அதன் பெயர். வண்டிச்சக்கரம் போன்ற ஒன்றிலிருந்து வெட்டிய ஆப்பு, ஒரு முனை கூராக, மறுமுனை பழுப்புத் தோலோடு. விருந்தாளி என்பதால் பலகை முதலில் என்னிடம் வந்தது. நான் கூர்முனையை நறுக்கி எடுத்துக்கொண்டேன். மேஜையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு உறைத்தது. எட்டு வயதுப் பேரன் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

மறுநாள் காலை காபியின்போது அந்த அம்மாள் கத்தியோடு வந்து உட்கார்ந்தார். “நேற்று நீங்கள் வெட்டியது அதன் மூக்கை” என்றார். சக்கரத்தின் நடுப்பகுதி மிருதுவாக இருக்கும், தோலை ஒட்டிய பக்கம் கெட்டியாக, சுவை தூக்கலாக இருக்கும். மூக்கிலிருந்து தோல்வரை நீளவாக்கில் வெட்டினால் ஆளுக்குக் கொஞ்சம் மிருது, கொஞ்சம் கெட்டி. மூக்கை மட்டும் அறுத்துக்கொள்வது பாயசத்தில் முந்திரியை மட்டும் அரித்து எடுத்துக்கொள்வது மாதிரி. இதை மேஜை நாகரிகம் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். பால் கூடத்தைப் பார்த்த பிறகு அந்தக் குறிப்பை அடித்துவிட்டேன்.

பால் கூடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஃப்ருயித்தியேர். பழத்துக்கான சொல் அதில் இருப்பதால் ஏதோ பழக்கிடங்கு என்று நினைத்தேன். உழைப்பின் பலனை ஓரிடத்தில் சேர்ப்பது என்று பொருள் சொல்கிறார்கள். நம் ஊர்ச் சொல்லில் பால் சொசைட்டி. என் பாட்டி இரண்டு எருமை வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றியவர். விடிவதற்கு முன்னால் தூக்குவாளியோடு நானும் கூடப் போவேன். பால்மானியைப் பாலில் விடுவார்கள், அது இறங்கி நிற்கும்வரை வரிசையில் இருக்கும் எல்லோருடைய கண்ணும் அதன்மேல்தான் இருக்கும். யார் பாலில் எவ்வளவு தண்ணீர் என்பதுதான் காலைச் செய்தி. அதனால் சொசைட்டி எனக்குப் புதிதில்லை. ஆனால் நம் சொசைட்டி வாங்கிய பாலை வெளியூருக்கு வண்டியேற்றும், இவர்களுடையது பாலை ஊரிலேயே நிறுத்திவைக்கிறது.

ஒரு கோந்தே சக்கரம் சுமார் 40 கிலோ. அதற்கு 400 லிட்டர் பால் வேண்டும். அந்தக் காலத்தில் வீட்டுக்கு மூன்று மாடு, நாலு மாடு. ஒரே நாளில் அவ்வளவு பாலுக்குத் தனி ஆள் எங்கே போவார்? சின்னதாகச் செய்தால் ஆகாதா என்று கேட்டேன். செய்யலாம், ஆனால் சின்ன சீஸ் சீக்கிரம் காயும், சீக்கிரம் கெடும், ஜூராவின் குளிர்காலத்தைத் தாண்டாது. அந்தக் குளிர் எப்படிப்பட்டது என்றால், இதே மலையில் மூத் என்கிற கிராமத்தில் 1968 ஜனவரி 13ஆம் தேதி வெப்பநிலை மைனஸ் 36.7 டிகிரிக்கு இறங்கியிருக்கிறது. பனி மூடினால் மாடு கொட்டிலுக்குள், பாலும் குறைவு. ஆகவே கோடைப் பாலைக் குளிர்காலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோக வேண்டுமென்றால் சீஸ் பெரிதாக இருக்க வேண்டும். பெரிதாக இருக்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரர் பாலோடு நம் பாலைக் கலந்தாக வேண்டும், அவரைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். 13ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பக்கத்தில் இப்படிக் கூட்டுச் சேர்ந்ததற்கு ஆவணங்கள் உண்டு. இன்றைக்கு சுமார் 140 ஃப்ருயித்தியேர்கள் இருக்கின்றன.

சண்டையில்லாத ஊர் என்று சொல்ல வரவில்லை. நான் இருந்த ஊரில் வேலித் தகராறில் பல வருஷமாகப் பேசாத இரண்டு பேர் உண்டு. இரண்டு பேர் பாலும் தினமும் ஒரே கொப்பரையில்தான் விழுகிறது. ஒருவர் பால் கெட்டால் அன்றைக்கு ஊர்ப்பால் முழுக்கப் போச்சு. அதனால் பேச்சில்லாவிட்டாலும் ஒருவர் கொட்டிலில் என்ன நடக்கிறது என்பது மற்றவருக்கு நன்றாகத் தெரியும். இப்போது பாலை லாரி வந்து எடுத்துப்போகிறது. வீட்டம்மாளின் சின்ன வயதில் காலையும் மாலையும் கேனில் கொண்டுபோய் ஊற்றுவார்களாம். ஊரில் பாதிக் கல்யாணம் அந்த வரிசையில் நின்றுதான் முடிவானது என்றார், தன்னுடையதையும் சேர்த்து.

ஒருநாள் காலை ஐந்து மணிக்கு என்னை உள்ளே விட்டார்கள். பெரிய செப்புக் கொப்பரைகள், வெதுவெதுப்பான பால் மணம், கண்ணாடியெல்லாம் ஆவி. பாலைக் காய்ச்சுவதில்லை. 32 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னெட்டை ஊற்றுகிறார்கள். சீஸ் என்றால் சைவம் என்று கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிறவர்கள் இதைக் கேட்காத மாதிரி இருந்துவிடலாம். அரைமணியில் உறைந்துவிடும். கம்பி கட்டிய கத்திகள் சுற்றிச் சுற்றி அதைக் கோதுமை மணி அளவுக்கு உடைக்கும். அப்புறம் சூட்டை 54 டிகிரிக்கு மேல் ஏற்றிக் கிளறிக்கொண்டே இருப்பார்கள்.

இந்த இடத்தில் இயந்திரத்துக்கு வேலையில்லை. சீஸ் செய்கிறவர் முழங்கைவரை கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். இறுக்கிப் பிடித்தார், திறந்தார், உருண்டையைக் கட்டைவிரலால் தேய்த்தார். உதிர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம் என்று தலையை ஆட்டினார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி ஒரு பிடி. வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கிற கை எனக்குத் தெரியும், இது அந்தக் கைதான். எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். பல்லில் கீச்கீச்சென்று சத்தம் போட்டது, சுவை என்று பெரிதாக ஒன்றுமில்லை.

சுவை பிறகு வருகிறது. குறைந்தது 4 மாதம், நல்லதென்றால் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூட ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரத்தின் பலகைமேல் கிடக்க வேண்டும். பிரஷ்யாவோடு நடந்த போருக்குப் பின் கட்டி, ராணுவம் கைவிட்ட சேந்த்-அந்துவான் கோட்டைக்குள் 1966 முதல் இப்படி அடுக்கி வைக்கிறார்கள். அங்கே ஒருவர் சின்னக் கருவி ஒன்றின் பின்பக்கத்தால் சக்கரத்தைத் தட்டிக் காது கொடுக்கிறார். தேங்காய் வாங்குகிறவர் செய்வதேதான். உள்ளே வெடிப்பு இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் 20க்கு மதிப்பெண். 14க்குக் குறையாமல் வாங்கினால் பச்சைப் பட்டை, 12க்குக் குறையாமல் என்றால் பழுப்புப் பட்டை. 12 வரவில்லையா, கோந்தே என்ற பெயரே கிடையாது.

மாட்டுக்குப் புளிக்கவைத்த தீவனம் கூடாது, மாட்டுக்கு இவ்வளவு புல்தரை என்பதற்குக் குறையக் கூடாது, பால் பச்சைப்பாலாகவே இருக்க வேண்டும் என்று சட்டம் நிறைய. 1958இல் அரசு இந்தப் பெயருக்குப் பாதுகாப்பு கொடுத்தது. இதில் எனக்கு ஒரு வேடிக்கை தோன்றியது. பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்குகிற முறைக்குத் தன் பெயரைக் கொடுத்த லூயி பாஸ்டர் இந்த மண்ணுக்காரர். 1822இல் பக்கத்தில் தோல் (Dole) என்கிற நகரத்தில் பிறந்து, ஆர்புவா என்கிற ஊரில் வளர்ந்தவர். அவர் வீட்டுக்கு வண்டியில் போகிற தூரத்தில்தான் பாஸ்டர் முறையே ஆகாது என்று இந்தப் பாலைக் காக்கிறார்கள். ஆர்புவாவில் அவர் வீட்டைப் பார்க்கப் போனபோது வெளியே ஒரு கடையில் கோந்தே விற்றுக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் பங்கு போடுகிற ஊர் என்று நான் உருகிக்கொண்டிருந்த நேரத்தில் மோரில் காளான் பருவம் வந்தது. தேனடை போலச் சுருக்கமான தலை உள்ள காளான், விலை அதிகம். ஒரு மாலை பக்கத்து வீட்டுக்காரர் கூடை நிறையக் கொண்டுவந்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். “காட்டில்” என்றார். எந்தப் பக்கம்? “மரத்துக்குக் கீழே.” வீட்டம்மாளிடம் சொன்னால், தன் கணவர் சாகும்வரை அந்த இடத்தைத் தன்னிடமே சொல்லவில்லை என்கிறார். பாலைக் கலப்பார்கள், காளான் ரகசியத்தை மட்டும் மண்ணுக்குள் கொண்டுபோய்விடுவார்கள். ஆனால் சமைத்ததை எனக்கும் கொடுத்தார்கள். கோழியோடு க்ரீமும் மஞ்சள் வைனும் சேர்த்துச் செய்தது. அந்த வைன் பீப்பாயில் 6 வருஷம் 3 மாதம் கிடக்க வேண்டும், குறைவதை நிரப்பக்கூடாது. ஒரு லிட்டர் ஊற்றினால் கடைசியில் 62 சென்டிலிட்டர் மிஞ்சும் என்பது கணக்கு, அதனால் அதன் குட்டை பாட்டிலும் 62 சென்டிலிட்டர்தான். நான் வைன் குடிப்பதில்லை. குழம்பில் இருந்ததை யார் கேட்டது?

விருந்துச் சாப்பாட்டைவிட என்னைப் பிடித்துக்கொண்டது ஏழைச் சாப்பாடு. வெண்ணெய் எடுத்துவிட்ட பாலில் செய்கிற கான்க்வாயோத் என்கிற இளகிய சீஸ், கரண்டியில் எடுத்தால் கம்பியாக இழுக்கும், அவித்த உருளைக்கிழங்கின்மேல் ஊற்றிச் சாப்பிடுவார்கள். அப்புறம் கோத். மக்காச்சோளத்தை வறுத்து அரைத்து, கட்டியில்லாமல் துழாவிக் காய்ச்சிய கூழ். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மாள் எனக்காகவே கிண்டினார். ஆறினதும் மேலே ஆடை படிந்தது, எங்கள் வீட்டுச் சோளக்கூழ் மாதிரியே. நான் இரண்டாம் கிண்ணம் கேட்டபோது அவர் முகத்தில் சந்தேகம். சிறு வயதில் ராத்திரிக்கு ராத்திரி இதைத் தின்று வெறுத்துப்போனவர், இதற்காக ஒருத்தி கடல் தாண்டி வருவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

கிளம்புகிற அன்று பால் கூடத்தில் ஒரு துண்டு வாங்கினேன். பழச்சுவை வேண்டுமா, உப்புச்சுவையா என்று கேட்டார்கள். உப்பு என்றேன். புல் மேய்ந்த பாலின் மஞ்சள் நிறம் அதில் இருந்தது, குளிர்காலத்தில் உலர்புல் தின்ற மாட்டின் பால் என்றால் வெளிறியிருக்கும்.

வீட்டில் அம்மா அதை முகர்ந்து பார்த்து, மழைக்காலத்துக் கொட்டகை வாசனை என்றார். பொலினியில் இதற்கு 83 வாசனைச் சொற்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள், கொட்டகையும் அதில் ஏதோ ஒரு பக்கம் வந்துவிடும். அம்மா ஒரு துண்டு வாயில் போட்டு மென்றார்.

“யார் வீட்டுப் பால்டி இது?”

“பதினோரு வீட்டுப் பால்மா. எல்லாம் ஒண்ணாக் கலந்தது.”

அம்மா இன்னும் கொஞ்சம் மென்றார். “பதினோரு வீடுன்னா தண்ணி ஊத்தினவன் ஒருத்தனாவது இருப்பான்” என்று சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டு எடுத்தார், மூக்கிலிருந்து.

நன்றி, வணக்கம்.