தந்தியை அரை சுரம் இறக்கினால்: சான்-சான்ஸின் 'டான்ஸ் மகாப்ர்'

[திரை: இருண்ட இடுகாடு. ஹார்ப் ஒலி மட்டும்.]

ஹார்ப்பில் டி சுரம் பன்னிரண்டு முறை. நள்ளிரவு.

பிரெஞ்சு இசையமைப்பாளர் காமீல் சான்-சான்ஸ் 1874-இல் எழுதிய 'டான்ஸ் மகாப்ர்' இது. ஆன்ரி கஸாலிஸின் கவிதைதான் கரு: மரணம் இடுகாட்டில் வயலின் வாசிக்கிறது, எலும்புக்கூடுகள் எழுந்து ஆடுகின்றன. 1872-இல் இதைக் குரலும் பியானோவுமாகப் பாட்டாக்கியிருந்தார். இசைக்குழுவுக்கு மாற்றும்போது பாடகரின் இடத்தில் தனி வயலினை வைத்தார்.

[திரை: வயலின் தந்திகள், மிக அருகில்.]

வயலின் தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. பக்கத்துப் பக்கத்துத் தந்திகளுக்குள் ச–ப (ஷட்ஜம்–பஞ்சமம்) உறவு. இங்கே ஈ தந்தியை மட்டும் அரை சுரம் இறக்கி ஈ-ஃபிளாட் ஆக்க வேண்டும். இப்போது ஏ தந்தியை ஷட்ஜமாகக் கொண்டால், மேல் தந்தி பஞ்சமத்தில் இல்லை; அதற்கு அரை சுரம் கீழான பிரதி மத்யமத்தில் நிற்கிறது. விரலே வைக்காமல் இரண்டையும் ஒரே வில்லில் இழுங்கள். அந்த உரசல்தான் மரணம் சுருதி சேர்க்கும் சத்தம்!

சாதாரண சுருதியிலேயே விரல் வைத்தும் இந்த இரண்டு சுரங்களைப் பிடிக்கலாம். ஆனால் வெறுந்தந்தியின் முரட்டு முழக்கம் வராது. அது இல்லையென்றால் இந்தத் தொடக்கமே வீண்.

வாசிப்பவர்கள் கவனிக்க: மேடையில் கடைசி நிமிடம் தளர்த்திய தந்தி அங்கேயே நிற்காது, மெல்ல மேலே ஏறும். முன்பே இறக்கிப் பழக்கிய இரண்டாவது வயலின் இருந்தால் நிம்மதி. அந்த ஒரு தந்தியில் மட்டும் பழகிய விரலிடம் அரை சுரம் கீழே பேசும் என்பதையும் மறக்க வேண்டாம்.

[திரை: சைலஃபோன்.]

புல்லாங்குழல் முதல் மெட்டைத் தருகிறது, வயலின் இறங்குமுகமான இரண்டாவதை. எல்லாம் மூன்றெண்ணிக்கை வால்ட்ஸ் நடனத் தாளம். எலும்புகள் மோதும் ஒலிக்கு, மரக்கட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் சைலஃபோன். அன்றைய இசைக்குழுக்களில் அபூர்வமான கருவி. மென்மையான குச்சியால் அடித்தால் எலும்பு மரத்துண்டாகிவிடும். கடினமான தலையுள்ள குச்சியே வேண்டும். 1886-இல் 'விலங்குகளின் திருவிழா'வில் புதைபடிவங்களுக்கு இதே மெட்டைத் திரும்ப எடுத்தார்.

நடுவில் வருவதைத் தவறவிடாதீர்கள். இறந்தோருக்கான திருப்பலியில் பாடும் 'தியெஸ் இரே' மெட்டை, மேற்கத்திய இசையில் பிரகாசமாக ஒலிக்கும் மேஜர் சுர வரிசைக்கு மாற்றி, வால்ட்ஸ் தாளத்தில் ஆடவிடுகிறார். தீர்ப்பு நாளின் பயங்கரத்தைச் சொல்லும் பாட்டு அது! என்னைக் கேட்டால், முழுப் படைப்பிலும் துணிச்சலான இடம் இதுதான்.

உச்சத்தில் ஆட்டம் சட்டென நிற்கும். ஓபோ என்ற ஊதுகருவி சேவலாகக் கூவும். அதன்பின் வரும் வயலின் தனியை வேகமாக முடித்துவிடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். அது முதலில் மனிதக் குரலுக்கு எழுதிய வரி; பாடகர் மூச்சு எடுக்கும் இடங்களில் வில்லும் மூச்சு எடுக்கட்டும்.