வாக்கியத்தைச் சின்னதாக்கினா மட்டும் தெளிவு வந்துடுமா?

அடுத்த கேள்வி. "நான் எழுதுற கட்டுரையை ரெண்டு தடவை படிச்சாத்தான் புரியுதுன்னு சொல்றாங்க. சின்னச் சின்ன வாக்கியமா எழுதினா சரியாயிடுமா?"

பாதி சரியாகும். ஆனா நோய் நீளத்துல இல்லைங்க. ஒரு வாக்கியம் சொல்றேன், கேளுங்க:

"கடந்த ஆண்டு வாங்கப்பட்ட, இருமுறை பழுதுபார்க்கப்பட்ட, தற்போது பயன்பாட்டில் இல்லாத இயந்திரத்தை மாற்றும் பணி மேற்கொள்ளப்பட உள்ளது."

பதிமூணு சொல்தான். ஆனாலும் மூச்சு முட்டுது. ஏன்னா 'இயந்திரம்'ங்கிற சொல் வர்ற வரைக்கும் எதைப் பத்திப் பேசுறோம்னே தெரியாது. வாங்கப்பட்ட, பார்க்கப்பட்ட, இல்லாதன்னு மூணு பெயரெச்சத்தையும் (பின்னாடி வர்ற பெயருக்காகக் காத்திருக்கிற சொல்) படிக்கிறவர் கையில பிடிச்சுக்கிட்டே நிக்கணும். பெயரை முதல்ல கொடுத்துடுங்க:

"இந்த இயந்திரத்தைப் போன ஆண்டுதான் வாங்கினோம். இருமுறை பழுதுபார்த்தும் ஓடவில்லை. அடுத்த மாதம் மாற்றப்போகிறோம்."

இதுல ரெண்டு விஷயம் பாருங்க. 'பார்த்தும்'ல இருக்கிற அந்த 'உம்', பழுதுபார்த்தது பலிக்கலைன்னு சொல்லிடுது. பழைய வாக்கியத்துல அந்தத் தொடர்பே இல்லை. அப்புறம், 'மேற்கொள்ளப்பட உள்ளது'ன்னு எழுதுறப்போ யார் மாத்துறாங்க, எப்போ மாத்துறாங்கன்னு தெரியாமலேயே எழுதி முடிச்சுடலாம். 'மாற்றப்போகிறோம்'னு எழுத உட்கார்ந்தா, போய் விசாரிச்சுட்டுத்தான் எழுத முடியும்.

அதனால எழுதி முடிச்சதும் கோப்புல 'ப்பட்', 'ப்பட', 'ப்படு'ன்னு தேடுங்க. வர்ற ஒவ்வொரு இடத்துலயும் 'யார்?'னு கேளுங்க. பதில் முக்கியம்னா ஆளைப் போட்டு மாத்துங்க, முக்கியமில்லைன்னா விட்டுடுங்க. எல்லாத்தையும் மாத்தணும்னு அவசியமில்லை.

ஒரு பெயருக்கு முன்னாடி ரெண்டு பெயரெச்சத்துக்கு மேல வந்தா உடைச்சுடுங்க. ஒண்ணே ஒண்ணு வந்தாலும் சிக்கல் வரும் சில இடத்துல. "புதிதாகச் சேர்ந்த மேலாளரின் உதவியாளர்." யார் புதுசு? மேலாளரா, உதவியாளரா? எழுதினவருக்குத் தெரியும், அதனால அவர் கண்ணுக்கு இது படவே படாது. "மேலாளரின் புதிய உதவியாளர்"னு இடம் மாத்தினா தீர்ந்தது.

வினையெச்சம், அதாவது பின்னாடி வர்ற வினைக்காகக் காத்திருக்கிற சொல், அப்படி இல்லை. "விண்ணப்பத்தை நிரப்பி, கையெழுத்திட்டு, நகல் எடுத்து வைத்துக்கொண்டு, தபாலில் அனுப்புங்கள்." இது நீளம்தான், ஆனா நடக்கிற வரிசையிலேயே போகுது, ஒவ்வொரு வேலையும் முடிஞ்சு அடுத்தது வருது. இதைப் போய் நாலா வெட்டினா தந்தி மாதிரி ஆயிடும். நடுவுல செய்ற ஆள் மாறினா மட்டும் அங்கேயே முற்றுப்புள்ளி வைங்க.

சரிபார்க்கிறதுக்கு வாய்விட்டுப் படிக்கச் சொல்வாங்க. நல்லதுதான், ஆனா நீங்களே படிச்சா, விட்டுப்போன சொல்லை ஞாபகத்துல இருந்து போட்டுப் படிச்சுடுவீங்க. வேற ஒருத்தரைப் படிக்கச் சொல்லிட்டு, நீங்க பென்சிலோட உட்காருங்க. அவர் எங்க தடுக்கி, திரும்பி முதல்ல இருந்து படிக்கிறாரோ அங்க ஒரு கோடு. விளக்கம் மட்டும் சொல்லாதீங்க! வாயால விளக்கத் தோணுதுன்னா, அந்த விளக்கம்தான் கட்டுரையில இல்லாத வரி. அதை எழுதிச் சேருங்க.

கடைசியா, 'என்பது குறிப்பிடத்தக்கது'. கட்டுரையில இது வந்தா நீக்கிட்டு அந்தப் பத்தியைத் திரும்பப் படிங்க. ஏதாவது குறைஞ்ச மாதிரி இருந்தா கமெண்ட்ல போடுங்க, பார்க்கலாம்.